சைக்கிள் ரிம்

நேற்றிலிருந்து பன்னிரண்டு போன்.
எல்லோருக்கும் ஒரே கேள்வி:
உங்களைக் காப்பியடித்திருக்கிறாளே, கோபம் வரவில்லையா?

பாபு ராவ் தெரு லாட்ஜில்
இன்றைக்கு எனக்கு இரவு டியூட்டி.
மேசைக்கு எதிரே
ஜாம்ஷெட்பூரிலிருந்து வந்த கணவனும் மனைவியும்.
காலை ஏழுக்கு ஸ்கேன், வெந்நீர் எப்போது வரும்
என்று வங்காளியில் கேட்கிறார்கள்.
ஆறரைக்கு என்று வங்காளியிலேயே சொல்கிறேன்.
டிஸ்கோ அற்புதம் யாரென்று இவர்களுக்குத் தெரியாது.
நல்லதாயிற்று.

வீடியோவைப் பார்த்தேன், சத்தத்தைக் குறைத்து.
நிரஞ்சி. குடியாத்தத்துப் பெண். இருபத்து மூன்று வயது.
தண்ணீரில்லாத பாலாற்றில் ஒரு பித்தளைத் தாம்பாளம்,
அதில் அவள் தலை மட்டும்.
அப்பிய மஞ்சள், கனத்த மூக்குத்தி, எலுமிச்சை மாலை.
தலை பாடுகிறது.
உடம்பு அங்கே ஆம்பூரில்
ஷூ கம்பெனி வரிசையில் உட்கார்ந்து
அடிப்பாகத்துக்குப் பசை தடவிக்கொண்டிருக்கிறது.

அம்மனை இழிவுபடுத்திவிட்டாள் என்று ஒரு கூட்டம்.
அம்மனே அவள்தான் என்று ஒரு கூட்டம்.
இரண்டும் சேர்ந்து நாற்பது லட்சம் பார்வை.
நடுவில் எவனோ
பழைய கேசட் அட்டை ஒன்றைத் தேடியெடுத்து
அவள் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டான்.
அட்டையில் நான்.

தொண்ணூற்றொன்று.
மாதா மாதிரி நீல முக்காடு,
நெஞ்சில் பேட்டரியில் எரியும் சிவப்பு இதயம்,
தலைக்குப் பின்னால் ஒளிவட்டம்.
கீபோர்டு டேவிட்சனின் சைக்கிளில் கழற்றிய
பின்சக்கர ரிம் அது, சீரியல் பல்பு சுற்றியது.
படம் பிடித்த அன்று அவர்
காட்பாடிக்கு நடந்தே போனார்.
என் பின்னந்தலை முடி கொஞ்சம் பொசுங்கியது.

பங்குத்தந்தை பூசையில் பேர் சொல்லித் திட்டினார்.
அப்பா மூன்று ஞாயிறு கோயிலுக்குப் போகவில்லை.
அம்மா போனாள், கடைசி பெஞ்சுக்கு.
கேசட் இரண்டே நாளில் தீர்ந்தது.
ஆயருக்குப் போன முதல் புகாரில்
'மனம் புண்பட்ட ஒரு விசுவாசி' என்று கையெழுத்து.
அது கேசட் கம்பெனி முதலாளியின் கையெழுத்து என்று
எனக்குத் தெரிய ஆறு வருஷம் ஆனது.

அப்போது என்னையும் கேட்டார்கள்:
பம்பாய்க்காரி ஒருத்தியைப் பார்த்துத்தானே செய்தாய்?
பம்பாய்க்காரியிடம் வெள்ளைக்காரி ஒருத்தியைச் சொல்லிக் கேட்டிருப்பார்கள்.
வெள்ளைக்காரியிடம் யாரைச் சொன்னார்களோ.

பதின்மூன்றாவது போன் நிரஞ்சியின் மேனேஜர்.
"ரெண்டே நிமிஷ வீடியோ மேடம்.
அவ உங்களை அவமானப்படுத்திட்டான்னு சொல்லணும்.
அழுதீங்கன்னா இன்னும் நல்லது. பேமெண்ட் உண்டு."
எவ்வளவு என்று கேட்டேன்.
கேட்டேன்தான், மறைப்பானேன்.
நாலு மாதச் சம்பளம்.
யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

பிறகு இன்னொரு தடவை பார்த்தேன், சத்தத்தோடு.
இரண்டாம் சரணத்துக்கு முன்னால்
தலை ஒரு மூச்சு இழுக்கிறது.
நெஞ்சில்லாத தலை, அதற்கு ஏது மூச்சு?
பசை வாடை வருஷக்கணக்காக ஏறின மூக்கின் மூச்சு அது.
அவள் அம்மா அந்த வரிசையில் இருந்திருக்க வேண்டும்,
இல்லாவிட்டால் அவளே.
என் கேசட்டின் இரண்டு பக்கத்திலும்
அப்படி ஒரு மூச்சு கிடையாது.
ரிம் மட்டும்தான்.

கோபம் அப்போதுதான் வந்தது.
என்னிடமிருந்து அவள் எதையும் எடுக்கவில்லை என்று.

வைகாசி முதல் தேதி கச்சேரிக்குப் போய்
குடியாத்தத்தில் சிரசு வருவதைப் பார்த்திருக்கிறேன்.
தெருவெல்லாம் உடைந்த தேங்காய்,
ஆயிரம் தலைக்கு மேலே ஒரு தலை.
போன வருஷத்துச் சிரசு மாதிரி இல்லையே
என்று ஒருவர் சொல்லியும் கேட்டதில்லை.
உடம்பில் பொருத்தினார்கள், கண் திறந்தது,
நான் மைக் டெஸ்ட்டுக்கு ஓடினேன்.

டேவிட்சனிடம் ரிம்மைத் திருப்பிக் கொடுத்தபோது
கோணியிருந்தது.
ஒன்றும் சொல்லாமல் மாட்டிக்கொண்டார்.
மழைக்காலம் முழுக்க அந்தச் சைக்கிள்
ஆடி ஆடித்தான் போனது.

மேனேஜர் கும்பிடும் கைப் படம் அனுப்பியிருக்கிறான்,
மூன்று ஜோடி.
ஜாம்ஷெட்பூர்க்காரர் வாளியோடு நிற்கிறார்.
ஆறு இருபத்தெட்டு.